பாம்பு வளர்க்க ஒரு ஸ்டார்ட்டர் செட்: தெர்மோஸ்டாட் அருமை, மீட்டர்களை எடுத்து வைத்துவிடுங்கள்

என்ன வாங்கினோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் திறக்கும் கண்ணாடித் தொட்டி, 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். அதன் அடியில் ஒட்டுகிற ஹீட் மேட், சென்சார் வயரோடு ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட், கண்ணாடியில் ஒட்டும் முள் வைத்த வெப்பமானி, அதே ஜாடையில் ஒரு ஈரப்பதமானி, ரெசினில் வார்த்த ஒரு குகை, தண்ணீர்க் கிண்ணம், ஒரு பை ஆஸ்பென் மரச்சீவல், ஒரு சின்னக் கையேடு. எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வருகிறது. இதே மாதிரி செட்டைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன, உள்ளே இருக்கும் சாமான்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு சாமானும் எப்படி உழைக்கிறது என்று எழுதுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் புழங்கிய பிறகு எழுதுவது இது.

இதில் குடியிருப்பது ஒரு கார்ன் ஸ்னேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த, விஷமில்லாத பாம்பு. வளர்ந்தால் பொதுவாக 3 முதல் 5 அடி. ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டம். காட்டில் பிடித்தது அல்ல, வளர்ப்பவரிடம் முட்டை பொரிந்து வந்த குட்டி. வீட்டுக்கு வந்தபோது பென்சில் தடிமன்தான் இருந்தது. நானும் என் மனைவியும், மகள், மகன், என் அம்மா என்று ஐந்து பேர் உள்ள வீடு. பாம்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது மகள். சரி என்று சொல்வதற்கு முன் நிறைய படித்தோம்.

எனக்கு ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் வேலை. நாள் முழுக்கத் தெர்மோஸ்டாட்டோடு புழங்குகிறவன். பெட்டியைப் பிரித்ததும் பிள்ளைகள் குகையையும் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள், என் கை போனது தெர்மோஸ்டாட்டுக்குத்தான். ஊர்வன வளர்க்கிறவர்களுக்கு அதைவிட முக்கியமான சாமான் வேறு இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

காரணம் எளிது. பாம்பும் பல்லியும் பொதுவாக நம்மைப் போல உடம்புக்குள் சூடு உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளியே இருக்கும் சூட்டை வாங்கித்தான் அவற்றின் உடம்பு ஓடுகிறது. விழுங்கிய எலி செரிக்க வேண்டுமானால் வயிறு சூடேற வேண்டும். சூடு போதவில்லை என்றால் இரையைக் கக்கிவிடும். குளிரிலும் ஈரத்திலும் நீண்ட நாள் கிடந்தால் மூச்சுத் தொற்று வரும், வாயைத் திறந்து மூச்சு விடும், மூக்கோரம் குமிழ் கட்டும். அதே சமயம் சூடு மிஞ்சினால் இன்னும் ஆபத்து. அடியிலிருந்து வரும் சூடு வயிற்றைச் சுட்டாலும் பாம்பு உடனே விலகிப் போவதில்லை, அங்கேயே படுத்துக் கிடந்து புண்ணாகிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராகப் பிளக்கில் சொருகிய ஹீட் மேட்டால் இப்படி வயிறு வெந்த பாம்புகள் மருத்துவர்களிடம் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஆக, தொட்டியின் ஒரு கோடி சூடாகவும் மறுகோடி குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான பக்கத்துத் தரை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24. அந்தந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அந்தப் பக்கம் பாம்பு தானே ஊர்ந்து போய்க்கொள்ளும். இந்தத் தொட்டி 90 செ.மீ. நீளம் இருப்பதால்தான் அந்த வித்தியாசம் நிற்கிறது. சின்ன டப்பாவில் மேட்டை வைத்தால் மொத்தமும் ஒரே சூடாகிவிடும், ஒதுங்க இடமிருக்காது.

செட்டில் வரும் தெர்மோஸ்டாட் ஆன்-ஆஃப் ரகம். வைத்த அளவுக்குச் சூடு வந்ததும் மின்சாரத்தை அறுக்கும், ஒரு டிகிரி இறங்கினால் மறுபடி கொடுக்கும். ஹீட் மேட் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும் பொருள் என்பதால் இந்த ரகம் அதற்குப் போதும். சென்சாரையும், நான் வேலைக்குக் கொண்டுபோகும் மீட்டரின் முனையையும் சேர்த்துக் கட்டி, நொறுக்கிய ஐஸில் தண்ணீர் விட்டு அதில் வைத்தேன். அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும், எந்த வெப்பமானியையும் வீட்டிலேயே சரிபார்க்க இது போதும். என் மீட்டர் 0.1 காட்டியது, இது 0.4. இந்த வகைச் சாமானில் இவ்வளவு துல்லியத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. மேட் சூடேறிக்கொண்டிருக்கும்போதே சென்சார் வயரைப் பிடுங்கினேன். திரையில் எண் போய் எழுத்து வந்தது, உள்ளே மின்சாரத்தைக் கொடுத்து அறுக்கும் ரிலே என்ற சுவிட்ச் டிக்கென்று விழுந்தது, மேட்டுக்குப் போகும் மின்சாரம் நின்றது. சரியான வடிவமைப்பு இதுதான். சில மலிவு ரகங்களில் சென்சார் அறுந்தால் அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டு மேட்டை முழுச் சூட்டில் ஓட விட்டுவிடும். எலி கடித்தோ கதவில் நசுங்கியோ வயர் அறுந்த இரவில் பாம்பு உயிரோடு இருக்குமா இருக்காதா என்பது இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. நீங்கள் எந்தக் கம்பெனி சாமான் வாங்கினாலும், பாம்பை உள்ளே விடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

குறையும் உண்டு. சென்சார் அறுந்தால் கண்டுபிடிக்கும் இந்தத் தெர்மோஸ்டாட், சென்சார் இடம் நகர்ந்தால் கண்டுபிடிக்காது. எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் முடியாது. சென்சார் நழுவிக் குளிர்ந்த மூலைக்குப் போய்விட்டால், இன்னும் சூடு வரவில்லை என்று நினைத்து மேட்டை எரிய விட்டுக்கொண்டே இருக்கும். கையேட்டில் சென்சாரைத் தொட்டிக்குள் தரையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பாம்பு சீவலுக்கு அடியில் நுழைந்து துளைத்துக்கொண்டே போகும், வயரை நெம்பித் தள்ளிவிடும். நான் சென்சாரை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பொருத்தினேன். வெளியே கொஞ்சம் அதிகம் காட்டும். உள்ளே கண்ணாடித் தரையை அளந்து, அங்கே 31 வரும் வரை செட்டிங்கை ஏற்றி இறக்கினேன். சீவலின் மேற்பரப்பை அளந்து திருப்திப்பட்டுவிடக் கூடாது. பாம்பு அடிவரைக்கும் துளைத்துப் போய்க் கண்ணாடியின் மேலேயே படுக்கும், அங்கே எவ்வளவு என்பதுதான் கணக்கு.

இன்னொன்று, ரிலேக்கள் வயதானால் ஒட்டிக்கொள்ளும். திரையில் ஆஃப் என்று இருக்கும், உள்ளே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் தெர்மோஸ்டாட்டோடு சம்பந்தமே இல்லாத தனி வெப்பமானி ஒன்று, குறைந்ததும் கூடியதும் பதிவாகிற டிஜிட்டல் ரகம், உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் அதைப் பார்ப்பது மகளின் வேலை.

ஹீட் மேட் நன்றாகவே இருக்கிறது. தரையில் மூன்றில் ஒரு பங்கை மூடுகிறது, சரியான அளவு. ஒட்டுமுன் யோசியுங்கள், ஒருமுறை ஒட்டினால் உரித்தெடுக்கும்போது உள்ளிருக்கும் கம்பி முறியும். தொட்டியின் அடிச் சட்டம் மேசையிலிருந்து சற்றுத் தூக்கி நிற்கிறது, அந்த இடைவெளியில் காற்றுப் போவதால் சூடு அடியில் தேங்குவதில்லை. இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அறையே குளிர்ந்து 18 டிகிரிக்கு இறங்கும் இடத்தில் இந்த மேட் ஒன்றை நம்பி இருக்க முடியாது.

இனி அந்த இரண்டு மீட்டர்கள். முள் வைத்த வெப்பமானியை ஒட்டச் சொல்லும் இடம் பின்பக்கக் கண்ணாடியின் நடு உயரம். அங்கே 26 என்று நிற்கும், கீழே பாம்பு படுக்கும் இடத்தில் 31 இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, போதவில்லையே என்று ஒருவர் சூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? மீட்டர் கெட்டுப்போகவில்லை, பாம்புக்குச் சம்பந்தமில்லாத இடத்தை அளக்கிறது. ஈரப்பதமானி கெட்டதேதான். அதற்கும் வீட்டுச் சோதனை இருக்கிறது. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு பதத்துக்கு வரும்படி கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூட வேண்டும். சில மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்து நிற்கும். எங்கள் முள் 58-ல் நின்றது. மகன் டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்தான், நகரவில்லை. இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கினோம். இந்த ஒட்டும் மீட்டர்களைச் செட்டிலிருந்தே எடுத்துவிட்டுக் கம்பெனி விலையைக் குறைக்கலாம்.

துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவைத் திறந்து உள்ளே காட்டி அளங்கள். மூடிய கண்ணாடி வழியாக அளந்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும்.

தொட்டி எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பக்கம் திறப்பது பெரிய வசதி. இயற்கையில் பாம்பைத் தூக்கிக்கொண்டு போகும் பருந்தும் மற்றதும் மேலிருந்துதான் வரும். மேல்மூடித் தொட்டியில் கை மேலிருந்து இறங்கும்போது பாம்பு மிரள்கிறது. முன்பக்கமாக, பக்கவாட்டில் கை போனால் அவ்வளவு மிரட்சி இல்லை. கதவுக்குச் சாவி இருக்கிறது, சாவி என் மனைவியின் கொத்தில் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொட்டி திறக்கப்படுவதில்லை.

தொட்டியில் சரியில்லாத இடம் பின்பக்கம் மேலே வயர் போகும் துளை. அதை மூட ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்திருக்கிறார்கள், விரலால் தள்ளினாலே விலகுகிறது. பாம்பின் தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். குட்டிப் பாம்புக்கு அந்தத் துளை வாசல்தான். வயரின் தடிமனுக்குச் சரியான ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்தி அடைத்தேன், கடையில் எளிதாகக் கிடைக்கும். டேப் மட்டும் போட்டு ஒட்டாதீர்கள். தொட்டிக்குள் எங்கேயும் ஒட்டும் டேப் இருக்கக் கூடாது. பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் முறுக்கி முறுக்கி இன்னும் சுற்றிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது தோலோடு வரும்.

குகை ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள். இது சரியான குறை. பாம்புக்குச் சூட்டைவிட மறைவு முக்கியமாகத் தோன்றும் நேரங்கள் உண்டு. குகை சூடான பக்கம் மட்டும் இருந்தால், உடம்பு கொதித்தாலும் மறைவை விட்டு வராது. குளிர்ந்த பக்கம் மட்டும் இருந்தால் செரிமானம் கெடும். இரண்டு பக்கமும் வேண்டும். கொடுத்த குகை குட்டிக்கு ரொம்பப் பெரியது. முதுகும் விலாவும் சுவரில் படுகிற மாதிரி நெருக்கமான இடத்தில்தான் அவை நிம்மதியாக இருக்கும். மகள் சின்ன அட்டைப்பெட்டிகளில் வாசல் வெட்டி வைத்தாள், பாம்பு ரெசின் குகையை விட்டுவிட்டு அதில் போய்ச் சுருண்டது. அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம். மூன்றாவதாக, ஈரப் பாசி நிரப்பிய மூடி போட்ட டப்பா ஒன்றும் இருந்தால் சட்டை உரிக்கும் காலத்தில் உதவும்.

ஆஸ்பென் சீவல் கார்ன் ஸ்னேக்குக்கு நல்ல தேர்வு. துளைத்துப் போனால் சுரங்கம் சரியாமல் நிற்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கிண்ணம் கவிழ்ந்த இடத்தை அன்றே அள்ளிவிட வேண்டும். கொடுத்த கிண்ணம் எடையில்லாமல் கவிழ்ந்துகொண்டே இருந்தது, கனமான பீங்கான் கிண்ணம் வைத்தபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. சீவல் தீர்ந்து புதிதாக வாங்கும்போது தேவதாருச் சீவல் வாங்கிவிடாதீர்கள், அந்த மரத்தின் வாசனை எண்ணெய் ஊர்வனவற்றுக்கு ஆகாது.

கையேட்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அட்டையில் பாம்பைக் கையில் வைத்துச் சிரிக்கும் குழந்தையின் படம். உள்ளே கை கழுவுவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஊர்வன பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அவற்றின் குடலிலும் தோலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடு உள்ள குட்டி ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள், குழந்தைகளுக்கு அவற்றிடமிருந்து இந்தத் தொற்று வந்ததுதான் காரணம். 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள், 65 தாண்டியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். குடும்பத்தோடு வளர்க்கும் பொழுதுபோக்கு என்று விற்கிறவர்கள் இதை முதல் பக்கத்தில் போட வேண்டாமா?

எங்கள் வீட்டில் வைத்திருக்கும் முறை இது. தொட்டியையோ உள்ளிருக்கும் எதையுமோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வேறு எதையும் தொடக் கூடாது. கிண்ணத்தையும் குகையையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, அதற்கென்று தனி வாளியும் பிரஷும் உண்டு. பாம்பை முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. இரைக்கான எலிகள் ஃப்ரீசரில் தனி டப்பாவில், மூடியோடு. உறைந்த எலியில் கிருமி செத்துப்போகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், சாகாது. குளிர் அதைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். எடை பார்க்கும் தராசும் தனி. அம்மாவுக்கு வயது 65-ஐத் தாண்டிவிட்டதால் அவர் தொடுவதில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

உணவைப் பற்றியும் கையேடு "வாரம் ஒரு முறை" என்று சொல்லி முடித்துவிட்டது. குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒரு பிங்கி, அதாவது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. பாம்பு பெருக்கப் பெருக்க இரையின் அளவைக் கூட்டி, இடைவெளியையும் நீட்ட வேண்டும். வளர்ந்த கார்ன் ஸ்னேக்குக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒன்று போதும். பாம்பின் உடம்பில் அகலமான இடம் எவ்வளவோ, இரை அதே அளவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கலாம். உயிருள்ள எலி வேண்டவே வேண்டாம், மூலையில் மாட்டிய எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். உறைந்ததை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, கொடுக்கும் முன் பைக்குள் போட்டு வெந்நீரில் சூடேற்றுகிறோம். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே வெந்து உள்ளே உறைந்து கிடக்கும், சில நேரம் வெடிக்கும்.

கொடுப்பது நீளமான இடுக்கியால். மகன் பிடித்திருப்பான், பின்னால் நான் நிற்பேன். குகை வாசலில் முதலில் நாக்கு மட்டும் வெளியே வரும், மேலும் கீழும் துடிக்கும். நாக்கில் ஒட்டிய வாசனைத் துகள்களை வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் கொண்டு சேர்த்துத்தான் அது முகர்கிறது. கழுத்து எஸ் வடிவில் மடியும். கண் சிமிட்டும் நேரத்தில் இடுக்கியில் இருந்த எலி இருக்காது, உள்ளே மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கும். செத்த எலிதான் என்றாலும் இறுக்காமல் விழுங்காது. அப்புறம் தலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, தாடையின் இடதுபக்கம் ஒரு எட்டு, வலதுபக்கம் ஒரு எட்டு என்று மாற்றி மாற்றி நகர்த்தி உள்ளே இழுக்கும். அதன்பிறகு 48 மணி நேரம் யாரும் தூக்குவதில்லை.

சட்டை உரிப்பதுதான் அம்மாவுக்குப் பிடித்த காட்சி. முதலில் உடம்பு மங்கும், கண் பால் கலந்த நீலமாகும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின்மேல் ஒரு தெளிவான செதில்தான் மூடியிருக்கும். பழைய செதிலுக்கும் புதிய செதிலுக்கும் நடுவில் திரவம் சுரப்பதால் அந்த நிறம். "பாட்டி, ஓடி வாங்க, கண்ணு நீலமாயிடுச்சு" என்று மகன் கத்தினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவார். "பார்வை தெரியாம தவிக்குமேடா, சத்தம் போடாதே" என்பார். அவர் சொல்வது சரிதான், அந்த நாட்களில் சரியாகப் பார்வை தெரியாது, எளிதில் மிரளும், தூக்கக் கூடாது. சில நாளில் கண் மறுபடி தெளிந்துவிடும், அதற்குப் பிறகுதான் உரிக்கும். உதட்டோரத்தை எதிலாவது உரசி, அங்கே விலகிய தோலை உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டிக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்துவிடும். சட்டை ஒரே துண்டாக வந்திருக்கிறதா, இரண்டு கண் செதில்களும் அதில் இருக்கின்றனவா என்று மகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். துண்டு துண்டாக வந்தால் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 சதவீதம் வேண்டும். அந்த நேரத்தில் சரியான மீட்டரின் அருமை தெரியும்.

மகள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். தேதி, எடை, என்ன இரை, சாப்பிட்டதா, கழிவு, சட்டை. உரிப்பதற்கு முன்னால் நம் பாம்பு சாப்பிடாது என்பதை அந்த நோட்டைப் பார்த்து அவளேதான் கண்டுபிடித்துச் சொன்னாள். இதற்குப் பிறகு இரை மறுத்தால் யாரும் பதறுவதில்லை. மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதும் அந்த நோட்டைத்தான். ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் எல்லா இடத்திலும் இல்லை. பாம்பு வாங்குவதற்கு முன்னாலேயே அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களையும் வாங்குமுன் பேசிவிடுங்கள். ஒன்று சட்டம். எந்த இனத்தை வைத்திருக்கலாம், பதிவு வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறு. பைத்தான் என்ற மலைப்பாம்பு வகைகள் எல்லாமே, காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன, தாள்கள் இல்லாமல் எல்லை தாண்டியவற்றை வாங்கவே கூடாது. உள்ளூர்க் காட்டிலும் வயலிலும் இருக்கும் பாம்பு அங்கேயே இருக்கட்டும். இன்னொன்று ஆயுசு. கார்ன் ஸ்னேக் நன்றாக வளர்த்தால் 15, 20 வருஷம் இருக்கும். பந்துபோல் சுருண்டுகொள்ளும் பால் பைத்தானுக்கு ஆயுசு இன்னும் நீளம். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-ல் வந்த ஒரு பால் பைத்தான் 2020-ல் முட்டையிட்டது. மகள் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போனாலும் பாம்பு இங்கேதான் இருக்கும். அதை முதல் நாளே பேசி, அவள் போனால் பொறுப்பு என்னுடையது என்று முடிவு செய்துகொண்டோம். பிள்ளைகள் உதவலாம், பொறுப்பு பெரியவர்களுடையது.

பெட்டியின் மேல் பாம்பு, கெக்கோ என்ற பல்லி, பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகை மூன்றின் படத்தையும் போட்டு எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று அச்சடித்திருக்கிறார்கள். கார்ன் ஸ்னேக் குட்டிக்கும் இளம் பாம்புக்கும் சரி. லெப்பர்ட் கெக்கோவுக்கும் சரிதான், சீவலை மட்டும் மாற்ற வேண்டும், இரையாகக் கொடுக்கும் பூச்சிகளின் மேல் தூவக் கால்சியமும் வைட்டமின் டி3-யும் வாங்க வேண்டும். அதன் கால்விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது, கண்ணாடியில் ஏறி ஓடிவிடுமோ என்ற பயம் வேண்டாம். பியர்டட் டிராகனுக்கு இந்த செட் ஆகவே ஆகாது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வெயில் காய்கிற பிராணி அது. வெயில் காயும் இடம் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், மேட்டால் அது முடியாது. புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கு கட்டாயம், அது இல்லாமல் டி3 உண்டாகாது, கால்சியம் எலும்பில் சேராமல் தாடையும் காலும் மிருதுவாகி வளைந்துவிடும். கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடும், எனவே ஜன்னலோரம் வைத்தாலும் பயனில்லை. இந்தப் பெட்டியில் விளக்கும் இல்லை, அதை மாட்ட இடமும் இல்லை. அந்தப் படத்தைக் கம்பெனி எடுத்துவிட வேண்டும்.

எங்கள் பாம்பு இப்போது தொட்டியின் நீளத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பை முழுக்க நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதால் அடுத்ததாக 120 செ.மீ.க்கு மரப்பெட்டி ஒன்று செய்கிறேன், மேலே ஹாலஜன் விளக்கு. அதற்கு இந்தத் தெர்மோஸ்டாட்டை மாட்ட முடியாது. ஆன்-ஆஃப் ரகத்தில் விளக்கு அணைந்து அணைந்து எரியும், பாம்புக்கும் தொந்தரவு, பல்பும் சீக்கிரம் போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் ரகம்தான் வேண்டும். தொட்டியும் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் மகனுக்குப் போகின்றன. லெப்பர்ட் கெக்கோ ஒன்றுக்காக அவன் இப்போதே படித்துக்கொண்டிருக்கிறான், மேட் ஓட்ட இந்தத் தெர்மோஸ்டாட் போதும்.